இரண்டாவது பிரேக்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஷூ வாங்கப் போவதென்றாலே எனக்கு எரிச்சல் வரும். ஜோடியில் ஒன்று பெட்டியிலிருந்து எடுத்ததுபோலப் புதிதாக இருக்கும், மற்றொன்று முன்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். அத்தான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற அத்தான் காலடியில் இன்னொரு பிரேக். காலமெல்லாம் அதை மிதித்து மிதித்து ஒரு ஷூ மட்டும் தேயும். "ஒத்தை ஷூ விக்கற கடை இருந்தா சொல்லேன்" என்று என்னையே கேட்பார். நானும் அதே ஸ்கூலில்தான் இருக்கிறேன். முன்னறை மேசையில் போன் எடுப்பதும், வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவதும் என் வேலை. குடியிருப்பது அக்கா வீட்டு மாடியில். வீட்டிலும் அவர் முகம், வேலையிலும் அவர் முகம். அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

ஸ்கூலில் அவருக்குப் பெயரே 'ரெண்டாம் பிரேக்'. மற்ற வாத்தியார்கள் மிதித்தால் ஓட்டுகிறவர் நெற்றி ஸ்டியரிங்கில் போய் இடிக்கும், கூடவே ரெண்டு திட்டும் விழும். அத்தான் அப்படியில்லை. தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போவதுபோல அவர் கால் போகும். கார் பதமாக நிற்கும். ஓட்டினவருக்குத் தான்தான் நிறுத்தினோம் என்று தோன்றும். இறங்கி வந்து என் மேசை முன்னால் நின்று, "மேடம், இன்னைக்கு நானே நிறுத்திட்டேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லுவார்கள். பின்னாலேயே அத்தான் வருவார், "ஆமா, நல்லா நிறுத்தினாங்க" என்பார். யாராவது பயந்துபோயிருந்தால், "பரவால்ல, பாத்துக்கலாம்" என்பார். அந்த 'பரவால்ல, பாத்துக்கலாம்' அவர் வாயில் வந்தால் கால் மிதித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். நம்பிக்கை வந்தால் தானாக ஓட்டுவார்கள் என்பார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், ஒருவர்கூட அவர் பக்கத்தில் இருந்தபோது எதிலும் மோதினதில்லை.

அவருடைய ஒரே மகளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போய், சொந்தச் சம்பளம் வாங்கியும் அவள் வாண்டுதான். லைசென்ஸ் வாங்கிய புதிதில் கூட வேலை செய்கிறவளின் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். நாற்சந்தியில் முன்னால் ஒரு வேன் நின்றது. இவள் காலை பிரேக் மேல் வைத்தாள், கார் நிற்கும் என்று காத்திருந்தாள். அது நிற்கவில்லை. இவள் வைத்த அழுத்தம் போதவில்லை. வேனுக்குப் பின் விளக்கு போயிற்று, வேறு சேதம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, நான் பழகினப்போ நீங்க மிதிச்சீங்களா?"

"எல்லாருக்கும் மிதிக்கறதுதானேம்மா."

"நானே நிறுத்திட்டேன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஆமான்னீங்க."

அத்தான் சிரித்தார். அவருக்கு அது தொழில் ரகசியம், வேடிக்கை. வாண்டு சிரிக்கவில்லை. "அப்ப எது நான் ஓட்டினது, எது நீங்க ஓட்டினதுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டாள். அக்கா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள், பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் அவள் மனசில் அது நிற்கவில்லை.

பிறகு அவளாகவே திருத்திக்கொண்டாள். நன்றாக ஓட்டினாள். நானே அவள் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன், அதைவிட நற்சான்று வேண்டுமா. அத்தான் உட்கார்ந்தால் மட்டும் வம்பு. இரண்டாவது பிரேக் இல்லாத காரிலும் அவர் கால் தரையை மிதிக்கும். சிக்னல் வந்தால் ஒரு மிதி, நாய் குறுக்கே வந்தால் ஒரு மிதி. "அப்பா, தரை ஓட்டையாயிடும், ரெண்டு பேரும் நடந்துதான் வீட்டுக்குப் போகணும்" என்பாள். கேலியாகத்தான் சொல்வாள், ஆனால் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும்.

ஒரு விடுமுறை நாள் தோழிகளோடு ஊருக்கு வெளியே இருக்கிற பந்தய டிராக்குக்குப் போய்விட்டு வந்தாள். பந்தயம் இல்லாத நாட்களில் அங்கே யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாமாம். புதிதாக வருகிறவர்களுக்கென்றே தனி நாள் உண்டு, யாரும் யாரோடும் போட்டி போட மாட்டார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள். வந்தவள் கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு. நேரே அத்தான் முன்னால் போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அங்க எதிர்ல வண்டி வராது. குறுக்கே ஆள் வராது. நாய் கிடையாது, சிக்னல் கிடையாது. நீங்க மிதிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கப் போறேன். நான் ஓட்டணும், நீங்க பக்கத்துல காலை மடக்கிட்டு சும்மா உட்காரணும். ஒரே ஒரு ரவுண்டு. நான் ஓட்டறதை நீங்க பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"சரிம்மா" என்றார் அத்தான். அப்போது அவர் மனசார சொன்னார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

கார் தேடுகிற படலம் தொடங்கியது. அத்தான் குடை வாங்கவே ஒரு மழைக்காலத்தைக் கழிக்கிற மனிதர். அக்காவுக்குக் காரில் ஏறினாலே தலை சுற்றும், அதனால் மூன்றாவது ஆளாக என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள்.

முதலில் ஒரு பல் டாக்டருடைய கார். மஞ்சள் நிறம், புகைக்குழாயின் சத்தத்தில் என் கம்மல் ஆடியது. "ஒரு கீறல்கூட பட்டதில்ல" என்றார் டாக்டர். அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கதவுக்கும் கார் உடம்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். மேலே விரல் நுழைந்தது, கீழே நுழையவில்லை. கதவோரத்து ரப்பரை மெல்ல விலக்கினார், அடியில் வேறு மஞ்சள் இருந்தது. எதிலோ மோதி, நிமிர்த்தி, பூசி மெழுகியிருக்கிறார்கள். டாக்டரிடம் அவர் அதைச் சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றோம் சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். தெருமுனை திரும்பியதும் வாண்டு, "சொத்தைப் பல்லுக்கு மேல தங்கப் பூச்சு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்தது என்ஜின் பின்னால் இருக்கிற கார் ஒன்று, இருக்கைகளுக்கு முதுகுப்பக்கம். பார்க்க அத்தனை அழகு. வாண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆனால் டிராக்கில் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அவளே போன் போட்டுக் கேட்டாள். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். "புதுசா பழகறவங்களுக்கு அது வேண்டாம்மா. கனம் பின்னால இருக்கு, சின்ன தப்பு பண்ணாலும் சுத்திவிட்டுடும்" என்றார் அவர். மனசே இல்லாமல் அதன் கூரையைத் தடவிவிட்டு வந்தாள். ஆசைப்பட்டதை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பெண் என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

மூன்றாவது அத்தான் கண்டுபிடித்தது. கனமான, புதுசான, எல்லா வசதியும் உள்ள கார். முன்னால் ஏதாவது நெருங்கினால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். அத்தான் அதைச் சொல்லும்போது குரலே குழைந்தது. "நீ மறந்தாக்கூட அது நிறுத்திடும்மா."

"வீட்ல ஒரு அப்பா இருக்கார், போதும்" என்றாள் வாண்டு.

விற்க வந்தவர்கூடச் சிரித்துவிட்டார். அத்தான் சிரிக்கவில்லை. இறங்கி வரும்போது படியில் நின்று, அந்தக் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் கிடைத்தது ஒரு மருந்துக்கடை அம்மாவிடம். நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார். பல வருஷம் தானே டிராக்கில் ஓட்டியவராம், இப்போது முதுகுவலி. நீலம் வெளுத்துப்போன குட்டிக் கார், இரண்டே இருக்கை, துணிக் கூரையில் ஒட்டுப் போட்டிருந்தது. இருக்கைகளுக்குப் பின்னால் தலைக்கு மேலே வளைந்த இரும்புக் குழாய், கவிழ்ந்தால் காப்பாற்ற. அந்த அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. கூரை ஒழுகும், என்ஜின் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும் என்றார். வாண்டுவைப் பார்த்து, "இதுல வேகம் கம்மி. அதான் இதோட நல்ல குணம். வேகமான வண்டி உன் தப்பை மறைச்சுடும், இது மூஞ்சிக்கு நேரா சொல்லும். டயரும் பிரேக்கும் புதுசா போட்டுக்கோ, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். வாண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்தாள். இதுதான் என்று அவள் முகமே சொல்லிவிட்டது.

அத்தான் மறுபக்கக் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கைக்கு முன்னால் கால் வைக்கிற பள்ளத்துக்குள் தலையை விட்டுப் படுத்துக்கொண்டார். கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டார்ச் வெளிச்சம் உள்ளே அங்கும் இங்கும் ஓடியது.

"என்ன அத்தான், உள்ளேயே குடியேறிட்டீங்களா?"

"தண்ணி எறங்கி துரு புடிச்சிருக்கான்னு பாக்கறேன்."

வெளியே வந்தபோது முட்டியெல்லாம் புழுதி, முகத்தில் நிம்மதி. "இதையே எடுத்துக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர், ஒரு எதிர்க்கேள்வி இல்லாமல் மகள் தேர்ந்தெடுத்ததை ஒத்துக்கொள்கிறார். மகள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன். வாண்டுவும் அப்படித்தான் நினைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் துருவைப் பார்க்கவில்லை. அங்கே இன்னொரு பிரேக் பொருத்த இடம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

இது பிற்பாடு ஸ்கூல் மெக்கானிக் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புது பிரேக் போடக் கார் அவன் பட்டறைக்குப் போனபோது அத்தான் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். பயிற்சிக் காரில் இருப்பதுபோல ஒரு கம்பி, ஓட்டுகிறவர் பிரேக்கோடு சேர்த்து. மிதி மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி, ஒரே ஒரு ஆணியைச் செருகினால் போதும். மாட்டியிருந்தால் டிராக்கில் சோதிக்கிறவர்கள் விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். "சார், பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று மெக்கானிக் கேட்டிருக்கிறான். "மிதிக்கறதுக்கு இல்லப்பா. சும்மா இருக்கட்டும்னுதான்" என்றாராம்.

டிராக் நாள் வந்தது. காலையில் காரைச் சோதித்தார்கள், டயரில் காற்றுப் பார்த்தார்கள், உள்ளே உருளுகிற சாமானையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு கொட்டகையில் எல்லோரையும் உட்கார வைத்து மாஸ்டர் பேசினார். கரகரத்த குரல்.

"பிரேக் போடறதெல்லாம் நேரா போகும்போதே முடிச்சுடணும். வளைவுக்குள்ள நுழைஞ்சிட்டா பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடுங்க. நடுவுல மிதிச்சா கனமெல்லாம் முன்னால போயிடும், பின் டயருக்குப் புடி இருக்காது. பின்பக்கம் முன்னால வந்துடும். பயமா இருந்தாலும் மிதிக்காதீங்க. பயந்தா முக்கியமா மிதிக்காதீங்க."

அத்தான் முன்வரிசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பையன்போலத் தலையாட்டினார். சந்தேகம் வந்தால் மிதி என்று ஆயுள் முழுக்க ஊருக்குச் சொன்ன மனிதர் அவர். அது அந்தத் தலைக்குள் இறங்கியதா என்று யாருக்குத் தெரியும்.

காலை நேரம் முழுக்க மாஸ்டர்தான் வாண்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. வேலியோரம் நின்று பார்த்தோம். எனக்குக் கார் விஷயம் ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த நீலக் கார் வளைவில் நுழைவதும் வெளிவருவதும் ஒரே மூச்சாக இருந்தது. மாஸ்டர் இறங்கி வந்து அத்தானிடம், "பொண்ணு கை ரொம்ப பதம் சார். யாரு கத்துக்குடுத்தது?" என்றார்.

"நான்தான்" என்றார் அத்தான். அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் வாண்டு மாஸ்டரிடம் கேட்டு அனுமதி வாங்கினாள். மத்தியானம் அப்பாவை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். வாண்டு தலைக்கவசம் இரவல் வாங்கப் போயிருந்தபோது அத்தான் காருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன், கண்ணாடி விழுந்துவிட்டது என்றார். அவர் கண்ணாடியைத் தொலைப்பது புதிதா என்ன. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

வாண்டு வந்து ஏறினாள். பெல்ட்டை அவளே அவருக்கு இழுத்து மாட்டினாள். "அப்பா, காலை மடக்கி வச்சுக்கோங்க. நினைவிருக்கில்ல?"

"இருக்கும்மா."

முதல் ரவுண்டு மெதுவாகப் போனாள். என் முன்னால் கடந்தபோது அத்தான் வலது கையை உயர்த்திக் காட்டினார். இரண்டாவது ரவுண்டில் வேகம் கூட்டினாள், எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது ரவுண்டில், தூரத்தில் வேலியை ஒட்டிப் போகிற நீண்ட வளைவு. கார் பாதி வளைவு போய்விட்டது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்த மாத்திரத்தில் காரின் வால் வெளியே போய், முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, புல்லில் இறங்கி, அடுக்கி வைத்திருந்த டயர்ச் சுவரில் பக்கவாட்டில் போய் மோதியது. தூசி எழும்பி ஒன்றும் தெரியவில்லை. நான் எப்படி ஓடினேன் என்றே தெரியாது.

இருவரும் இறங்கி நின்றிருந்தார்கள். அத்தானுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. வாண்டு ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், ஸ்டியரிங் முறுக்கிவிட்டது. மாஸ்டர் மூச்சிரைக்க வந்தார். உயிர்போகிற சங்கதி இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார், அதுவும் கோபமாக இல்லை.

"வளைவுல பிரேக் விளக்கு எரிஞ்சதை நானே பாத்தேன்மா. காலையில எவ்வளவு அழகா ஓட்டினே. இதைத்தானே மிதிக்காதேன்னு சொன்னேன்?"

வாண்டு அப்பாவைப் பார்த்தாள். அவள் காலுக்கு அடியில் மிதி தானாகக் கீழே இறங்கியது அவளுக்குத் தெரியும். பயிற்சிக் காரில் பழகிய காலுக்கு அது புரியாதா. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ஒருமுறை வாய் திறந்து 'நான்தான் மிதிச்சேன்' என்று சொன்னால் போதும். கார் போனால் போகட்டும், கை முறிந்தால் ஒட்டும்.

அத்தான் தலைக்கவசத்தைக் கழற்றினார். மகள் தோளில் கை வைத்தார்.

"பரவால்லம்மா. பாத்துக்கலாம்."

வேண்டுமென்றே சொன்னாரா என்றால், இல்லை. மிதித்தால் அந்த வார்த்தை வரும், அவ்வளவுதான், வாயும் காலும் ஒன்றாகப் பழகிவிட்டன. ஆனால் கேட்கிறவளுக்கு அது எப்படி இருந்திருக்கும். அவள் அவர் கையை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்தாள். மாஸ்டரைப் பார்த்து, "ஆமா சார். தப்பு என்னோடதுதான்" என்றாள்.

காரை லாரியில் ஏற்றச் சாய்த்தபோதுதான் அந்த மிதி தொங்குவதைப் பார்த்தேன். வயதில் மூத்தவர், அக்கா புருஷன் என்பதால் கையை அடக்கிக்கொண்டேன். அன்று வாண்டுவை அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனோம். கூட வேலை செய்கிறவளே எக்ஸ்ரே எடுத்தாள். எலும்பில் கீறல். "என்னடி ஆச்சு?" என்று அவள் கேட்டதற்கும், "வளைவுல பிரேக் போட்டுட்டேன்" என்றுதான் சொன்னாள். அத்தான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கூலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மேசைக்கு முன்னால் அவரை உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஏன் அத்தான்? சொல்லுங்க. ஏன்?"

"அது கால் பக்கத்துல இருந்தா நான் மிதிக்க மாட்டேன்னு நினைச்சேன். இல்லேன்னாத்தான் பயமா இருக்கும், இருந்தா தைரியமா சும்மா இருக்கலாம்னு."

"அவ தப்பா போனாளா?"

"இல்ல. ரொம்ப சரியாத்தான் போனா. எனக்கு வேலி தெரிஞ்சுது. கால் போயிடுச்சு." தன் காலையே யாரோ வேற்று மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதை அவகிட்ட போய் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார்.

சொல்லவில்லை. கார் உடல் முறுக்கிப்போய்விட்டது, நிமிர்த்த முடியாது என்றார்கள், உதிரி பாகங்களுக்காக ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அத்தானிடம் ஒரு மாற்றம் வந்தது. யாராவது இறங்கி வந்து, "நானே நிறுத்திட்டேன் சார்" என்றால், "இல்லைங்க. நிறுத்தினது நான்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு தடவையும். வருகிறவர்கள் முகம் வாடிப்போனது. சிலர் வேறு வாத்தியாரைக் கேட்டு என் மேசைக்கு வந்தார்கள். முதலாளி கூப்பிட்டு, "என்னங்க ஆச்சு உங்களுக்கு, இருக்கறதையும் கெடுக்கறீங்களே" என்றார். அத்தான் கேட்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படியே சொன்னார். ஊருக்கெல்லாம் சொன்னார். சொல்ல வேண்டிய ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது என்பது இதுதான்.

வாண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். சண்டையில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. வாராவாரம் போன் செய்வாள், அம்மாவிடம் நிறைய, அப்பாவிடம் "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" வரைக்கும். டிராக் பக்கம் அவள் மறுபடி போகவேயில்லை. சொந்தக் கார் வாங்கினாள். ஊருக்கு வரும்போது அதில்தான் வருவாள்.

போன மாதம் அத்தானுக்குக் கண் பரிசோதனை. வாண்டு லீவு போட்டுவிட்டு வந்தாள். வாசலில் கார் நின்றது. அத்தான் வழக்கம்போல முன்கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"அப்பா, நீங்க பின்னாடி உட்காருங்க. சித்தி முன்னாடி வரட்டும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் கையை எடுத்துவிட்டுப் பின்னால் ஏறினார். எனக்கு முன்னால் உட்காரவே கூச்சமாக இருந்தது.

முதல் சிக்னலில் கார் நின்றது, வழுக்கினாற்போல அத்தனை பதமாக. அதே நேரம் எனக்குப் பின்னால் 'தொம்' என்று ஷூ தரையில் விழுகிற சத்தம். அடுத்த சிக்னலிலும் அதே 'தொம்'. வாண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"இப்ப நிறுத்தினது யாருப்பா?"

"நீதாம்மா" என்றார் அத்தான்.

"அன்னிக்கு?"

சிக்னல் பச்சையானது. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹார்ன் அடித்தார். வாண்டு நகரவில்லை. ஸ்டியரிங் மேல் இருந்த அவள் கையைப் பார்த்தேன், அந்த மணிக்கட்டு இன்னும் லேசாகக் கோணல்தான்.

"நான்தாம்மா" என்றார் அத்தான். "நீ சரியாத்தான் ஓட்டினே. எல்லாம் சரியாத்தான் ஓட்டினே. மிதிச்சது நான். அங்கேயே சொல்லிருக்கணும். சொல்லல."

வாண்டு காரை நகர்த்தினாள். அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள், நான் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனை முடிந்து வெளியே வந்தோம். வாண்டு முன்னால் போய், முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "வாங்கப்பா" என்றாள். நான் ஒதுங்கினேன். அத்தான் அந்தத் திறந்த கதவையும் உள்ளே காலியாக இருந்த இருக்கையையும் பார்த்தார். அதற்காக அவர் எத்தனை நாள் ஏங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மகளின் மணிக்கட்டை ஒருமுறை தொட்டார். பிறகு பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார்.

"வேண்டாம்மா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். "இங்க மிதிச்சா ஒண்ணும் நிக்காது."